சின்ன டெர்மினலுக்குள் வயர் எப்படிப் பிடித்துக்கொள்கிறது? கிரிம்பிங் பற்றி ஒரு தொடக்க விளக்கம்

சில வருடங்களுக்கு முன் வீட்டுத் தோட்டத்துக்காக மண்ணின் ஈரத்தை அளக்கும் ஒரு சின்னக் கருவி செய்தேன். ஒரு சென்சார், ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, நடுவில் மூன்று வயர்கள், அவ்வளவுதான். வயர் முனைகளில் கறுப்பு நிற பிளாஸ்டிக் கனெக்டர் மாட்ட வேண்டியிருந்தது. அதற்குள் போகும் உலோக டெர்மினலை நோஸ் பிளேயரால் மடித்து இறுக்கினேன், மேசை மேல் வைத்துப் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக ஓடியது. தோட்டத்தில் வைத்து இரண்டாவது மாதம் அளவுகள் தாறுமாறாகக் குதிக்க ஆரம்பித்தன. நிரலில்தான் பிழை என்று நினைத்து ஒரு வாரம் அதையே வரிவரியாகப் பார்த்தேன், சென்சாரை மாற்றினேன், பிறகு போர்டையும் மாற்றினேன். கடைசியில் தற்செயலாக வயரில் கை பட்டபோது திரையில் எண் மாறியது. டெர்மினலைக் கழற்றி லேசாக இழுத்தேன், வயர் கையோடு வந்துவிட்டது. உள்ளே இருந்த செம்பு இழைகள் கறுத்துப் போயிருந்தன.

இறுக்கி மடிப்பது வேறு, டெர்மினலை அச்சில் வைத்து வயரோடு அழுத்திப் பிணைக்கும் கிரிம்பிங் வேறு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இந்த விஷயத்தில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். "பிளேயரே போதும்" என்பார் ஒருவர், "ஒரு சொட்டு சால்டர் விட்டால் இன்னும் பலம்" என்பார் இன்னொருவர் (சால்டர் என்றால் உருக்கி ஊற்றி ஒட்ட வைக்கும் உலோகம்), "எந்த டூலாக இருந்தாலும் ஒன்றுதான்" என்பார் மூன்றாமவர். மூன்றுமே தப்பு. ஏன் தப்பு என்பதற்கான காரணம் டெர்மினலுக்குள் நடக்கும் ஒரு விஷயத்தில் இருக்கிறது, அது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

## ஒரே பேர், மூன்று வேலைகள்

முதலில் பேர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் "கிரிம்பிங் டூல் வேணும்" என்று மட்டும் கேட்டால், நெட்வொர்க் கேபிளுக்கு ஆர்ஜே-45 பிளக் போடும் டூலை எடுத்துக் காட்ட நிறைய வாய்ப்பு உண்டு, ஏனென்றால் அதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். அந்த பிளக்கில் நடப்பது வேறு விஷயம்: எட்டு சின்னத் தகடுகள் கத்தி போல இறங்கி, வயரின் மேலுறையைக் குத்திக்கொண்டு உள்ளே இருக்கும் கம்பியைத் தொடுகின்றன. வயரைச் சீவவே தேவையில்லை.

இரண்டாவது, எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் டூல். ரிங் லக், பின் லக் என்று சொல்கிறோமே, சுவிட்ச் போர்டிலும் இன்வெர்ட்டரிலும் பெரிய வயர்களின் முனையில் போடுவது, அதற்கானது. சிவப்பு, நீலம், மஞ்சள் பிளாஸ்டிக் கழுத்து வைத்த லக்குகளுக்கு அதே மூன்று நிறத்தில் புள்ளி போட்ட பற்கள் இருக்கும். சிவப்பு 0.5 முதல் 1.5 சதுர மில்லிமீட்டர் வயருக்கு, நீலம் 1.5 முதல் 2.5 வரை, மஞ்சள் 4 முதல் 6 வரை.

மூன்றாவதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம். எல்இடி பட்டை, பேட்டரி பேக், சின்ன மோட்டார், சென்சார், 3டி பிரிண்டர் இவற்றில் வரும் மெல்லிய வயர்களின் டெர்மினல்கள். டெர்மினல் என்றால் வயரின் முனையில் மாட்டும் உலோகத் துண்டு. அது போய் உட்காரும் பிளாஸ்டிக் கூட்டுக்கு ஹவுசிங் என்று பேர். இரண்டும் சேர்ந்ததைத்தான் கனெக்டர் என்கிறோம்.

ஆக, ஒருவர் "என்னிடம் கிரிம்பிங் டூல் இருக்கிறது" என்றால் எதற்கான டூல் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றின் டூல் இன்னொன்றுக்கு உதவாது.

## பிடிகொழுக்கட்டையும் வண்டிப் பட்டையும்

பிடிகொழுக்கட்டை பிடிப்பதை யோசித்துப் பாருங்கள். மாவு உதிரியாக இருக்கிறது. உள்ளங்கையில் வைத்து ஒரு பிடி பிடிக்கிறீர்கள், கையைத் திறந்தால் அது ஒரே உருண்டையாக நிற்கிறது, விரல் தடமும் அப்படியே பதிந்திருக்கிறது. பசை போடவில்லை, கயிறு கட்டவில்லை, அழுத்தம் ஒன்றுதான் அத்தனை உதிரியையும் ஒன்றாக்கியது. லேசாகப் பிடித்தால் எடுக்கும்போதே உதிர்ந்துவிடும், அளவுக்கு மீறி அழுத்தினால் விரல் இடுக்கு வழியாகப் பிதுங்கிப் போகும். சரியான பிடி என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடம்.

கிரிம்பிங்கும் அப்படித்தான். மாவின் இடத்தில் வயரின் செம்பு இழைகள், விரல்களின் இடத்தில் டெர்மினலின் தகடு. பிடித்து முடித்ததும் கை விலகிவிடும், ஆனால் தகடு இழைகளைச் சுற்றி அங்கேயே நின்றுவிடுகிறது.

நின்று என்ன செய்கிறது என்பதற்கு மாட்டு வண்டிச் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். மரச் சக்கரத்தைச் சுற்றிப் போடும் இரும்புப் பட்டையை நெருப்பில் காய்ச்சி, விரிந்த நிலையில் சக்கரத்தின் மேல் இறக்கி, தண்ணீர் ஊற்றுவார்கள். குளிர்ந்ததும் பட்டை சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். அந்தக் கவ்வல் ஒரு நொடி வேலை இல்லை, பட்டை அந்தச் சக்கரத்தில் இருக்கும் வரை மரத்தை அழுத்திக்கொண்டே இருக்கிறது. நல்ல கிரிம்பிலும் டூலை எடுத்த பிறகு ஒரு அழுத்தம் மிச்சம் இருக்கும், அது வருடக் கணக்கில் அப்படியே இருக்கும். சூடு எதுவும் இல்லாமல், கை பலத்தால் மட்டும் இதைச் சாதிப்பதுதான் இந்தச் சின்ன டூலின் வேலை.

## உள்ளே நடப்பது

இப்போது உவமையை விட்டுவிட்டு உலோகத்துக்கு வருவோம்.

வீட்டில் செம்புக் குடம் இருந்தால் உங்களுக்குத் தெரியும், புளி போட்டுத் தேய்த்து வைத்தாலும் சில நாளில் களிம்பு ஏறிவிடும். காற்றில் இருக்கும் ஆக்சிஜன் உலோகத்தின் மேல்பரப்போடு சேர்ந்து உண்டாகும் இந்தப் படலத்துக்கு ஆக்சைடு என்று பேர். கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரியும் வயரின் மேலும் மெல்லியதாக அது இருக்கிறது, டெர்மினலின் வெள்ளீயப் பூச்சின் மேலும் இருக்கிறது. ஆக்சைடு மின்சாரத்தைச் சரியாக விடாது. அதனால் இரண்டு உலோகத்தைச் சும்மா தொட வைத்தால், களிம்பும் களிம்பும்தான் தொட்டுக்கொண்டிருக்கும்.

சரியான டூலில் சரியான டெர்மினலை வைத்து அழுத்தும்போது என்ன ஆகிறதென்றால், வட்டமாக இருந்த இழைகள் ஒன்றோடு ஒன்று நெருக்கி, இடைவெளி இல்லாமல் போய், தேன்கூட்டு அறைகள் போலப் பல முகங்களாக நசுங்குகின்றன. அப்படி நசுங்கும்போது இழைகள் ஒன்றின் மேல் ஒன்று உரசிக்கொண்டு நீள்கின்றன, அந்த உரசலில் ஆக்சைடு படலம் உடைந்து, உள்ளே இருக்கும் புத்தம் புது உலோகம் வெளியே வந்து, எதிரில் இருக்கும் புது உலோகத்தோடு நேராக ஒட்டிக்கொள்கிறது. வெள்ளீயத்தின் ஆக்சைடு மெல்லியது, கடினமானது, கண்ணாடி போல நொறுங்கும் தன்மை உடையது, அதனால் இந்த வேலைக்கு அந்தப் பூச்சு மிகவும் தோதானது. (பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவோமே, டெர்மினலின் பித்தளை அல்லது வெண்கலத் தகட்டின் மேல் இருப்பதும் அதே வெள்ளீயம்தான்.)

இடைவெளி இல்லை என்றால் காற்று உள்ளே போக வழியில்லை. காற்று போகவில்லை என்றால் புதிதாகக் களிம்பு ஏறாது. இதைக் காற்றுப்புகா இணைப்பு என்கிறார்கள், கிரிம்பிங்கின் மொத்தக் குறிக்கோளும் இதுதான். என் தோட்டத்துக் கருவியில் பிளேயரால் மடித்த தகட்டுக்குள் இழைகளுக்கு நடுவே காற்றும் ஈரமும் தாராளமாகப் போய்வந்தன. இரண்டு மாதம் தாங்கியதே பெரிது.

இன்னொரு விஷயமும் நடக்கிறது. எந்த உலோகத்தை அழுத்தி விட்டாலும் அது கொஞ்சம் பழைய நிலைக்குத் திரும்பப் பார்க்கும். நசுங்கிய இழைகள் விரியப் பார்க்கின்றன, நிரந்தரமாக மடங்கிவிட்ட தகடு அவற்றை விரிய விடாமல் பிடித்துக்கொள்கிறது. அந்த மல்லுக்கட்டில் மிஞ்சும் அழுத்தம்தான் வண்டிப் பட்டையின் கவ்வல் என்று மேலே சொன்னது.

இது சரியில்லாமல் போனால் என்ன ஆகும் என்று ஒரு சின்னக் கணக்கு. ஒரு இணைப்பில் உண்டாகும் சூடு என்பது மின்னோட்டத்தை அதே மின்னோட்டத்தால் பெருக்கி, மறுபடி தடையால் பெருக்கினால் வருவது. 3 ஆம்பியர் ஓடும் இணைப்பில் தடை 0.01 ஓம் இருந்தால் சூடு 0.09 வாட், விரலுக்குத் தெரியவே தெரியாது. அதே இணைப்பு தளர்ந்து தடை 0.5 ஓம் ஆகிவிட்டால் 4.5 வாட். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு உலோகத் துண்டுக்குள் 4.5 வாட் என்பது பிளாஸ்டிக் ஹவுசிங்கை இளக்கப் போதுமான சூடு. சூடானால் இணைப்பு இன்னும் தளரும், தளர்ந்தால் ஆக்சைடு இன்னும் ஏறும், அது ஏறினால் சூடு இன்னும் கூடும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: அழுத்தம் ஆக்சைடை உடைக்கிறது, இழைகளையும் தகட்டையும் ஒரே உடம்பாக்குகிறது, காற்றை வெளியே வைக்கிறது, அப்புறம் அந்த அழுத்தத்தில் ஒரு பங்கு உள்ளேயே தங்குகிறது.

## "ஒரு சொட்டு சால்டர் விட்டால் என்ன?"

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள், அதனால் கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன்.

கிரிம்ப் செய்த பிறகு சால்டர் விட்டால், உருகிய சால்டர் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல இழைகளுக்கு நடுவே வயருக்குள் ஏறிப் போகும். மேலுறைக்கு அடியில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று உங்களுக்கு வெளியே தெரியாது. ஏறிய வரைக்கும் வயர் ஒற்றைக் குச்சி போல விறைத்துவிடும், அதற்கு அப்பால் பழையபடி வளையும். வயர் ஆடும் ஒவ்வொரு முறையும் விறைப்பு முடிந்து வளைவு தொடங்கும் அந்த ஒரே இடத்தில் இழைகள் மடங்கி மடங்கி, ஒவ்வொன்றாக அறுந்துபோகும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து உடைக்கிறோம் இல்லையா, அதுவேதான்.

சால்டரை முதலிலேயே வயர் முனையில் ஏற்றிவிட்டு அப்புறம் கிரிம்ப் செய்வது இதைவிட மோசம். சால்டர் மிருதுவான உலோகம், தொடர்ந்து அழுத்தினால் காலப்போக்கில் மெல்ல நகர்ந்து இடம் கொடுத்துவிடும். வண்டிப் பட்டைக்குள் மரத்துக்குப் பதில் மெழுகை வைத்தது போல. இழைகள் தனித்தனியாக நசுங்கி உரசவும் வழியில்லை. நாசாவின் வயரிங் தரநிலை, சால்டர் ஏற்றிய இழை வயரைக் கிரிம்ப் செய்யக் கூடாது என்றே சொல்கிறது. ஆனால் ஆலையிலேயே ஒவ்வொரு இழைக்கும் தனித்தனியாக வெள்ளீயம் பூசி வரும் வெள்ளி நிற வயர் வேறு, அதை தாராளமாகக் கிரிம்ப் செய்யலாம். இந்த இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

சரியாகச் செய்த கிரிம்புக்கு சால்டர் தேவையில்லை, சரியில்லாத கிரிம்பை சால்டர் காப்பாற்றாது. இந்தத் தொழில்நுட்பம் வளர்ந்ததே சால்டரை விடுவதற்காகத்தான். 1941-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏஎம்பி நிறுவனத்தின் முழுப் பேர் ஏர்கிராஃப்ட் மரைன் புராடக்ட்ஸ், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானங்களுக்கும் கப்பல்களுக்கும் சால்டர் இல்லாமல் டெர்மினல் போடும் முறையைத்தான் அது பெரிய அளவில் கொண்டுவந்தது. சின்ன கனெக்டர்களுக்கு நாம் தினமும் சொல்லும் ஜேஎஸ்டி என்ற பேரும் ஜப்பான் சால்டர்லெஸ் டெர்மினல் என்பதன் சுருக்கம். பேரிலேயே "சால்டர் இல்லாத" என்று இருக்கிறது!

## டெர்மினலின் உடம்பு

ஒரு டெர்மினலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள், முடிந்தால் பூதக்கண்ணாடியில். ஒரு முனையில் எதிர்ப் பின்னைப் பிடிக்கும் பகுதி இருக்கும், அதை நாம் தொடவே கூடாது. அதன் முதுகில் ஒரு சின்னக் கொக்கி துருத்திக்கொண்டிருக்கலாம், ஹவுசிங்குக்குள் போய் மாட்டிக்கொள்ளும் கொக்கி அது. (டூபான்ட் டெர்மினலில், அதாவது மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளின் பின்களில் மாட்டும் கறுப்பு கனெக்டர் வகையில், இந்தக் கொக்கி பிளாஸ்டிக்கில் இருக்கும், டெர்மினலில் இருக்காது.)

மறு முனையில் இரண்டு ஜோடி இறக்கைகள் நிமிர்ந்து நிற்கும். உள்பக்கம் இருக்கும் சின்ன ஜோடி செம்பு இழைகளுக்கானது. வெளிப்பக்கம் இருக்கும் உயரமான ஜோடி வயரின் மேலுறைக்கானது. மின்சாரத்தைக் கடத்துவது சின்ன ஜோடி மட்டும்தான். பெரிய ஜோடிக்கு வேலை, வயரை யாராவது இழுத்தாலோ ஆட்டினாலோ அந்த ஆட்டம் செம்பு வரை போகாமல் மேலுறையிலேயே தாங்கிக்கொள்வது. தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறவர்கள் ஒரு கையால் கழுத்தையும் மறு கையால் அடியையும் பிடிப்பது போல இரண்டுக்கும் வேறு வேறு பொறுப்பு.

தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தப்பு இங்கேதான் வருகிறது. வயரைக் கூடுதலாகச் சீவிவிட்டு, இரண்டு ஜோடியையும் வெறும் செம்பின் மேல் மடித்துவிடுவார்கள். அல்லது குறைவாகச் சீவி, மேலுறையையும் சேர்த்துச் சின்ன ஜோடிக்குள் திணித்துவிடுவார்கள். முதலாவது சில நாளில் அறுந்துபோகும். இரண்டாவது தொடக்கத்திலிருந்தே சரியாகத் தொடாது, ஏனென்றால் இழைக்கும் தகட்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் இருக்கிறது.

## டூலின் வாயும் பிளேயரின் வாயும்

பிளேயரின் வாய் தட்டையானது. அதனால் இறக்கையை ஒரு பக்கம் சாய்த்துப் படுக்க வைக்கத்தான் முடியும், படுத்த தகட்டுக்கு அடியில் இழைகள் தளர்வாகவே கிடக்கும்.

கிரிம்பிங் டூலின் வாயில் இருப்பது அச்சு. கீழ் அச்சு தொட்டில் போல வளைந்து டெர்மினலின் முதுகைத் தாங்கும். மேல் அச்சின் உள்பக்கம் வெற்றிலையின் காம்புப் பக்கம் போல இருக்கும், இரண்டு வளைவுகள், நடுவில் கீழ் நோக்கி ஒரு கூர். நிமிர்ந்து நிற்கும் இரண்டு இறக்கைகளும் ஆளுக்கொரு வளைவில் ஏறி, வளைவோடு உள்பக்கம் சுருண்டு, நடுவில் முனை கவிழ்ந்து இழைகளின் கூட்டத்துக்குள்ளேயே இறங்குகின்றன. இழைகளுக்குத் தப்பிக்க இடமே கிடையாது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி நெருக்கம். பிளேயரால் எத்தனை பலம் போட்டாலும் இந்த உருவம் வராது.

இறக்கைகளின் திறந்த பக்கம் இரட்டை வளைவு இருக்கும் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே தெரியும். தலைகீழாக வைத்தால் தகடு கசங்குமே தவிரச் சுருளாது. எந்தத் தாடையில் இரட்டை வளைவு இருக்கிறது என்று முதலில் வெளிச்சத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், டூலுக்கு டூல் இது மாறும்.

நல்ல டூல்களில் ராட்செட் என்று ஒரு பல்சக்கர ஏற்பாடு இருக்கும். ஒருமுறை அழுத்தத் தொடங்கினால் முழு அழுத்தமும் முடியும் வரை கைப்பிடி திறக்காது, டிக் டிக்கென்று ஒவ்வொரு பல்லாக முன்னேறி, முடிந்ததும் தானே விடும். கை சோர்ந்திருந்தாலும் எல்லா டெர்மினலுக்கும் ஒரே அழுத்தம் கிடைக்க இதுதான் காரணம். பாதியில் ஏதாவது தப்பாகிவிட்டால் கைப்பிடிகளுக்கு நடுவில் இருக்கும் சின்ன நெம்புகோலைத் தள்ளினால் திறந்துவிடும், பலவந்தமாக இழுக்க வேண்டாம்.

ராட்செட் இல்லாத டூல்களும் நல்லவையாக இருக்கலாம். ஜப்பானின் என்ஜினியர் நிறுவனத்தின் பிஏ-09 அப்படிப்பட்டது, 1.0, 1.4, 1.6, 1.9 மில்லிமீட்டர் என்று நான்கு பள்ளங்கள், சின்ன ஜோடியை ஒரு பள்ளத்திலும் பெரிய ஜோடியை இன்னொன்றிலும் தனித்தனியாக அழுத்த வேண்டும். வேலை மெதுவாகப் போகும், ஆனால் எந்தப் பேர் தெரியாத டெர்மினலுக்கும் ஒரு வழி கிடைக்கும். விலை குறைவாகக் கிடைக்கும் எஸ்என்-28பி வகை ராட்செட் டூல் இரண்டு ஜோடியையும் ஒரே அழுத்தில் முடிக்கும், டூபான்ட் வகை டெர்மினல்களுக்குப் பொருந்தும். ஜேஎஸ்டியின் பிஎச் என்ற சின்ன வகை டெர்மினலுக்கு அதன் அச்சு பெரிது, நான் அதற்கு அதைப் பயன்படுத்துவதில்லை.

சுருக்கமாக: டூல் கொடுப்பது பலம் மட்டும் இல்லை, உருவமும் அளவும். உருவம் அச்சிலிருந்து வருகிறது, அளவு ராட்செட்டிலிருந்து வருகிறது.

## அளவுப் பொருத்தம்

பிடி சரியாக இருக்க மூன்றும் பொருந்த வேண்டும்: வயர், டெர்மினல், அச்சு. வயரின் தடிமனை நம் கடைகளில் சதுர மில்லிமீட்டரில் சொல்வார்கள், டெர்மினல் விவரத்தாளில் பெரும்பாலும் ஏடபிள்யூஜி என்ற அமெரிக்க கேஜ் எண்ணில் இருக்கும். கேஜ் எண் கூடக் கூட வயர் மெலியும், முதல் தடவை இது எல்லோருக்கும் தலைகீழாகத் தோன்றும். 22 கேஜ் என்றால் சுமார் 0.33 சதுர மில்லிமீட்டர், 24 என்றால் சுமார் 0.2, 28 என்றால் சுமார் 0.08. ஜேஎஸ்டி எக்ஸ்எச் டெர்மினலின் சாதாரண வகை 22 முதல் 28 வரை எடுக்கும், பிஎச் 24 முதல் 30 வரை. அதைவிட மெல்லிய வயரை வைத்தால் உள்ளே இடம் மிச்சமாகி இறுக்கம் வராது. தடித்த வயரின் இழைகளில் நாலைந்தை வெட்டிவிட்டுத் திணிக்கும் பழக்கமும் இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள்.

"ஜேஎஸ்டி கனெக்டர்" என்று மொட்டையாகச் சொல்வதிலும் ஒரு சிக்கல். அது ஒரு நிறுவனத்தின் பேர், அவர்கள் எத்தனையோ குடும்பங்கள் செய்கிறார்கள். எக்ஸ்எச்-இல் பின்னுக்குப் பின் இடைவெளி 2.5 மில்லிமீட்டர், பிஎச்-இல் 2.0. டூபான்ட் வகையிலும் நம் ஊரில் ரிலிமேட் என்று விற்கும் வகையிலும் 2.54. இரண்டு பின் கனெக்டரில் 2.5-க்கும் 2.54-க்கும் வித்தியாசம் தெரியாது, பத்துப் பின் வரும்போது ஒன்பது இடைவெளிக்கு 0.36 மில்லிமீட்டர் தள்ளிப்போய் சரியாக மாட்டாது.

வயரின் உள்ளே இருப்பது பல இழைகளாக இருக்க வேண்டும், செம்பாக இருக்க வேண்டும். பழைய நெட்வொர்க் கேபிளைப் பிரித்து எடுத்த ஒற்றைக் கம்பி வயர் இந்த டெர்மினல்களுக்கு ஆகாது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு வயரும் ஆகாது. சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

## ஒரு கிரிம்ப், தொடக்கம் முதல்

வயர் முனையை 2 முதல் 3 மில்லிமீட்டர் சீவுங்கள். பல்லால் வேண்டாம், பிளேடாலும் வேண்டாம், அளவு பார்த்துப் பள்ளம் வைத்த வயர் ஸ்ட்ரிப்பர் வாங்கிக்கொள்ளுங்கள். ஏழு இழை உள்ள வயரில் இரண்டு இழை வெட்டுப்பட்டால் வயரின் கால்வாசிக்கு மேல் போய்விட்டது என்று அர்த்தம். சீவிய இழைகளை இறுக்கி முறுக்க வேண்டாம், பிரிந்திருந்தால் விரலால் லேசாகச் சேர்த்துவிட்டால் போதும்.

டெர்மினலை அச்சில் வையுங்கள். சின்ன ஜோடி முழுதும் அச்சுக்குள் இருக்க வேண்டும், பின்னைப் பிடிக்கும் பகுதி முழுதும் வெளியே இருக்க வேண்டும், அதன் மேல் அச்சு பட்டால் டெர்மினல் பாழ். ராட்செட்டை ஒன்றிரண்டு டிக் மட்டும் அழுத்தினால் டெர்மினல் விழாமல் வாயில் நிற்கும். நான் பழகும்போது இந்த ஒரு உத்திதான் எல்லாவற்றையும் எளிதாக்கியது, அதுவரை வயரையும் டெர்மினலையும் டூலையும் ஒரே நேரத்தில் பிடிக்க மூன்று கை தேவைப்பட்டது. இப்போது வயரை உள்ளே விடுங்கள். மேலுறையின் விளிம்பு இரண்டு ஜோடி இறக்கைக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் வந்து நிற்க வேண்டும். அப்படியே ஆடாமல் பிடித்துக்கொண்டு, டூல் தானே விடும் வரை முழுதாக அழுத்துங்கள்.

முதல் பத்து டெர்மினல் வீணாகத்தான் போகும். அதற்கென்றே ஒரு கைப்பிடி டெர்மினல் கூடுதலாக வாங்கி வையுங்கள், மாட்ட வேண்டிய வயரில் பழகாதீர்கள்.

## சரியாக வந்திருக்கிறதா?

கண்ணால் பார்ப்பது முதல் சோதனை. சின்ன ஜோடிக்கு முன்னால் இழைகளின் நுனி மிகக் கொஞ்சமாக, தூரிகை முனை போல எட்டிப்பார்க்க வேண்டும். இரண்டு ஜோடிக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் பாதி செம்பும் பாதி மேலுறையும் தெரிய வேண்டும். இறக்கைகள் இரண்டும் சமமாகச் சுருண்டு நடுவில் சந்திக்க வேண்டும். எந்த இழையும் வெளியே தப்பி நிற்கக் கூடாது. சின்ன ஜோடியின் பின் விளிம்பு புனலின் வாய் போல லேசாக விரிந்திருந்தால் அது குறை இல்லை, கூரான தகட்டு விளிம்பு இழைகளை அறுக்காமல் இருக்க வேண்டுமென்றே விடும் விரிவு. பெரிய ஜோடி மேலுறையைக் கவ்வ வேண்டும், கிழித்துக்கொண்டு உள்ளே போகக் கூடாது.

அடுத்து இழுத்துப் பார்ப்பது. யுஎல் என்ற அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனை அமைப்பின் 486ஏ தரநிலையில் 22 கேஜ் வயருக்குக் கேட்கும் குறைந்தபட்சத் தாங்கு விசை சுமார் 36 நியூட்டன், அதாவது ஏறக்குறைய மூன்றரைக் கிலோ தொங்குவது போன்ற இழுப்பு. வீட்டில் புதிதாக ஒரு டூல் வாங்கினால், பழகும் டெர்மினல் ஒன்றை இறுக்கிப் பிடித்து வயரில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டுப் பாருங்கள், அதற்கே உருவிக்கொண்டு வந்தால் அழுத்தம் போதவில்லை. வயர் உருவாமல் டெர்மினல் விளிம்பிலேயே பட்டென்று அறுந்தால் அழுத்தம் அதிகமாகி இழைகள் வெட்டுப்பட்டிருக்கின்றன. ராட்செட் டூல்களில் இதைத் திருத்தவே ஒரு சின்ன நட்சத்திரச் சக்கரம் வைத்திருப்பார்கள், ஒரு பல் மட்டும் திருப்பி மறுபடி சோதியுங்கள். இந்தச் சோதனைக்குப் பயன்படுத்திய டெர்மினலைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். மாட்டப் போகும் டெர்மினலுக்கு விரலால் ஒரு நிதானமான இழுப்பு போதும்.

கடைசியாக ஹவுசிங். டெர்மினலின் கொக்கிப் பக்கமும் பிளாஸ்டிக்கில் உள்ள ஜன்னல் பக்கமும் ஒன்றாகப் பார்த்து, வயரைப் பிடித்துத் தள்ளினால் மெல்லிய ஒரு கிளிக் சத்தம் வரும். வந்ததும் வயரை ஒருமுறை பின்னால் இழுத்துப் பாருங்கள். வெளியே வந்தால் கொக்கி நசுங்கியிருக்கிறது, குண்டூசி முனையால் அதைக் கொஞ்சம் நிமிர்த்திவிட்டு மறுபடி தள்ளலாம். உள்ளே போகவே மறுத்தால் பெரிய ஜோடி பெரும்பாலும் அகலமாக மடங்கியிருக்கும். அப்போது சுத்தியலை எடுக்காமல் வயரை வெட்டி, புது டெர்மினல் ஒன்றில் முதலிலிருந்து செய்யுங்கள்.